யார் மெர்ஜ் செய்வது? தன்னார்வலர் மென்பொருள் திட்டத்துக்கு எந்த வழி ஒத்துவரும்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இராமநாதபுரம் கடற்கரைக்காக ஒரு பொதுச் செயலி எழுதலாம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று, அலை, புயல் எச்சரிக்கை மூன்றையும் தமிழில் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி. தரவு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பிலிருந்து வரும். எழுதுபவர்களில் சிலர் கீழக்கரை, இராமநாதபுரம் பொறியியல் கல்லூரி மாணவர்கள்; சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள்; இரண்டு மூன்று பேர் துபாயிலும் தம்மாமிலும். பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்பவர்கள் பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

இப்படிப்பட்ட திட்டம் மூன்றாவது, நான்காவது மாதத்தில் படுத்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். நிரல் எழுத ஆள் கிடைக்காமல் படுப்பது குறைவு. எழுதியதை உட்கார்ந்து படித்து, சரி என்று சொல்லி மூல நிரலோடு சேர்த்துக்கொள்ள (இதுதான் மெர்ஜ்) ஆள் இல்லாமல்தான் பெரும்பாலும் படுக்கிறது. ஒரு மாணவர் இரண்டு இரவு விழித்து எழுதி அனுப்புகிறார். மூன்று வாரம் பதில் இல்லை. அவர் திரும்பி வருவதில்லை. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி வைத்தே எடைபோட்டிருக்கிறோம். படித்துப் பார்ப்பவரின் நேரத்தை அது எவ்வளவு தின்கிறது? எழுதியவரை எவ்வளவு நாள் காக்க வைக்கிறது?

மெர்ஜ் உரிமை: மூன்று வழி

எல்லோருக்கும் நேரடியாக புஷ் உரிமை, அதாவது தன் கணினியில் எழுதியதைப் பொது இடத்துக்கு ஏற்றும் உரிமை, கொடுத்துவிடுவது முதல் வழி. ஒரே ரெப்போ (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்), ஒரே மெயின் பிராஞ்ச் (எல்லோர் வேலையும் சேரும் முதன்மைக் கிளை), எழுதி முடித்ததும் ஏற்றிவிடலாம். இரண்டு மூன்று பேர், ஒருவர் எழுத்து மற்றவருக்குப் பழக்கம் என்கிற வரை இதைவிட வேகமான வழி கிடையாது. ஐந்து பேரைத் தாண்டினால் இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று, வரலாறு அழிவது. புஷ் கொடுக்கும்போது சர்வரில் ஏற்கெனவே வேறு கமிட் (பதிந்த மாற்றம்) ஏறியிருந்தால், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவியான கிட் மறுக்கும். முதலில் புல் செய்து, அதாவது அதை இறக்கிக்கொண்டு, இரண்டையும் இணைத்துவிட்டு ஏற்ற வேண்டும். புதியவர் அதைச் செய்யாமல், இணையத்தில் தேடிக் கண்ட '--ஃபோர்ஸ்' சேர்த்து அடிப்பார். புஷ் போய்விடும், நேற்றிரவு இன்னொருவர் ஏற்றிய கமிட்டுகள் மெயினிலிருந்து காணாமல் போகும். அவை உண்மையில் அழியவில்லை. எழுதியவரின் கணினியில் 'கிட் ரெஃப்லாக்' கொடுத்தால் கமிட்டின் அடையாள எண் கிடைக்கும், அதிலிருந்து புது பிராஞ்ச் போட்டு மீட்கலாம். ஆனால் அவர் அந்த வாரம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தால் மீட்பும் அந்த வாரம் நடக்காது.

இரண்டாவது கேடு பெரியது: ஒருவர் எழுதியதை இன்னொருவர் கண் பார்ப்பதே இல்லை. காற்றின் வேகம் சில தரவில் 'நாட்' என்ற கடல்வேக அலகில் வரும், திரையில் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்க மறந்தால் 15 நாட் காற்று திரையில் 15 கிலோமீட்டர் என்று தெரியும். உண்மையில் அது 28 கிலோமீட்டருக்கு அருகில். வல்லம் என்ற நாட்டுப்படகில் போகிறவருக்கு இந்த வேறுபாடு போகலாமா, வேண்டாமா என்பதையே மாற்றிவிடும். நேரத்திலும் இதே ஆபத்து உண்டு. முன்னறிவிப்புக் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்து, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டாமல் விட்டால், காலை ஐந்தரைக்கு ஏறப்போகும் காற்று நள்ளிரவிலேயே ஏறுவதாகத் திரை சொல்லும். நள்ளிரவில் கடல் அமைதியாக இருப்பதைக் கண்ட ஆள், செயலி தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டிப் படகை எடுப்பார். இந்த இரண்டு பிழையும் நிரலில் ஒரு வரிதான்; இரண்டாவது ஆள் ஒருமுறை படித்தாலே அகப்பட்டிருக்கும். கடல் சார்ந்த செயலிக்கு நேரடி புஷ் வேண்டாம் என்று நாம் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வழி ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு நகல்) எடுத்து புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) அனுப்புவது. ரெப்போக்களை வைக்கும் தளங்களில் ஒன்றான கிட்லேபில் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்பார்கள். மூல ரெப்போவை உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து, கணினிக்கு குளோன் (பிரதி) எடுத்து, மூல ரெப்போவை 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் இன்னொரு ரிமோட்டாக (தொலைவில் உள்ள ரெப்போவின் முகவரியாக) சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனி பிராஞ்ச். தொடங்கும்போதும் அனுப்பும் முன்பும் 'கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்', பிறகு 'கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம்/மெயின்'. முதலாவது மூலத்தில் புதிதாக வந்ததை இறக்கும், இரண்டாவது உங்கள் மாற்றத்தை அதன் மேல் எடுத்துவைக்கும். அதன்பின் உங்கள் ஃபோர்க்குக்கு புஷ் செய்து ரிக்வெஸ்ட் திறக்கலாம். ரீபேஸ் செய்த பிராஞ்சை மறுபடி ஏற்ற '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போதும். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாரும் அதில் ஏற்றியிருந்தால் அது நின்றுவிடும், வெறும் '--ஃபோர்ஸ்' நிற்காது.

மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர் முழு வரலாற்றையும் இறக்க வேண்டியதில்லை. '--ஃபில்டர்=பிளாப்:நன்' போட்டு குளோன் எடுத்தால் கமிட் வரலாறு முழுதும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். '--டெப்த் 1' இன்னும் சிறியது. ஆனால் பழைய கமிட்டுகள் இல்லாததால் ரீபேஸ் செய்யும்போது திணறும். சும்மா கம்பைல் செய்து பார்க்கிறவருக்கு டெப்த், தொடர்ந்து எழுதுகிறவருக்கு ஃபில்டர்.

புல் ரிக்வெஸ்ட்டில் பழுது வரும் இடங்கள் தெரிந்தவைதான். முதலாவது அளவு. இருநூறு வரிக்குள் இருக்கும் மாற்றத்தை ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்துவிடுவார். இரண்டாயிரம் வரி வந்தால் 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்' என்பார், அந்த ஞாயிறு வராது. கோப்பின் இடைவெளிகளை எடிட்டர் தானாகத் திருத்திவிட்டதால் மட்டுமே ஆயிரம் வரி மாறியதாகத் தெரிவதும் உண்டு, ரெப்போவிலேயே '.எடிட்டர்கான்ஃபிக்' கோப்பு வைத்தால் அது பெருமளவு நிற்கும். இரண்டாவது, ஸ்குவாஷ் மெர்ஜ். புதியவர்கள் நிறைந்த திட்டத்துக்கு ஸ்குவாஷ் நல்லது. 'திருத்தம்', 'மறுபடி திருத்தம்', 'இப்ப சரி' என்று ஏழு கமிட் இருந்தாலும் மெயினில் ஒரே கமிட்டாக ஏறும். ஆனால் ஸ்குவாஷ் ஆன பிறகு அதே பிராஞ்சில் அடுத்த வேலையைத் தொடர்ந்தால், அந்த ஏழு பழைய கமிட்டும் மெயினில் உள்ள ஒற்றைக் கமிட்டும் வேறு வேறு என்றே கிட் எண்ணும். தான் எழுதிய வரியோடு தானே மோத வேண்டிவரும். மெர்ஜ் ஆனதும் பிராஞ்சை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்பதைப் பங்களிப்புக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதி வையுங்கள்.

மூன்றாவது பழுதைப் பராமரிப்பவர்கள் கவனிப்பதில்லை. அதே போன்ற இன்னொரு தளமான கிட்ஹப்பில் முதன்முறை பங்களிப்பவரின் ரிக்வெஸ்ட்டுக்குத் தானியங்கிச் சோதனை தானாக ஓடாது. பராமரிப்பவர் ஒருவர் அனுமதிப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாதவரை அனுப்பியவர் தன் நிரல் தேறியதா இல்லையா என்றே தெரியாமல் காத்திருப்பார். ரிக்வெஸ்ட் முழுவதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும், நிரலில் வேண்டாத எதுவும் இல்லை என்று ஒரு பார்வை பார்த்து, அந்தப் பொத்தானை இரண்டு நாளுக்குள் அழுத்துங்கள். சோதனைக்கு ரகசியச் சாவி ஏதும் தேவைப்படாதபடி அமையுங்கள். ஃபோர்க்கிலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டுக்குச் சாவி கொடுக்கப்படாது, அது பாதுகாப்புக்காகத்தான். அதைச் சுற்றிப்போக 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' முறையை எடுத்து, வந்த நிரலை அதிலேயே ஓட்டினால், முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் உங்கள் சாவியோடு ஓடும்.

மூன்றாவது வழி மின்னஞ்சலில் பேட்ச் (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) அனுப்புவது. 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியதே இப்படி வேலை செய்த, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழுவுக்காகத்தான். அந்தக் குழு இன்றும் இப்படியே வேலை செய்கிறது. 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கமிட்டை அஞ்சலாக்கும், 'கிட் சென்ட்-இமெயில்' அனுப்பும், பெறுபவர் 'கிட் ஏஎம்' கொடுத்துச் சேர்த்துக்கொள்வார். எந்தத் தளத்திலும் கணக்கு வேண்டாம். சில கிலோபைட் போதும், சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும் போய்ச் சேரும். படித்துப் பார்ப்பவர் ஒவ்வொரு வரிக்கும் கீழேயே பதில் எழுதலாம். நல்ல ரிவியூவுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை என்று சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள், அதில் உண்மை உண்டு.

ஆனால் பழகாதவருக்கு இது கடினமான வாசல். ஜிமெயில் வழியாக அனுப்ப இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் ஒன்று தனியே உருவாக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து பேட்சை ஜிமெயில் திரையிலேயே ஒட்டி அனுப்பினால் நீண்ட வரிகள் மடிந்துவிடும், டேப் இடைவெளிகள் கெடும். மறுபக்கம் 'பேட்ச் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். தமிழ் வரிகள் இருந்தால் எந்தக் குறியாக்கம் (எழுத்தை எண்ணாகப் பதியும் முறை) என்று சென்ட்-இமெயில் கேட்கும். யூடிஎஃப்-8 என்ற இயல்புநிலையை மாற்றாமல் என்டர் தட்ட வேண்டும். பேட்ச்சுகள் எத்தனை வந்தன, எது நிலுவை என்று ஒருவர் தனியே கணக்கு வைக்கவும் வேண்டும். மாணவர்கள் வந்து போகும் குழுவில் அந்தக் கணக்கே ஒரு முழு வேலை ஆகிவிடும்.

ஆக, நிரலுக்கு புல் ரிக்வெஸ்ட். மின்னஞ்சல் வழியின் நல்ல குணத்தை மட்டும் வேறு கருவியில் எடுத்துக்கொள்ளலாம்: 'கிட் பண்டில்'. 'கிட் பண்டில் கிரியேட்' கொடுத்து, கோப்பின் பெயரும் பிராஞ்சின் பெயரும் சேர்த்தால், கமிட்டுகள் எல்லாம் ஒரே கோப்பாக வரும். அதைப் பென் டிரைவில் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பலாம். பெறுபவர் 'கிட் பண்டில் வெரிஃபை' கொடுத்துச் சரிபார்த்துவிட்டு அதிலிருந்தே ஃபெட்ச் செய்வார். எழுதியவர் பெயர், தேதி, கமிட் விளக்கம் எதுவும் மாறாது. புயல் நாளில் இரண்டு நாள் இணையம் இல்லாத ஊரிலிருந்து வேலை வந்து சேர இது போதும். ஜிப் கோப்பில் முழு ஃபோல்டரையும் அனுப்புவதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். எது மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

எங்கே வைப்பது

கிட்ஹப் 2008இல் வந்தது, 2018 முதல் மைக்ரோசாஃப்ட் வசம். பொது ரெப்போவுக்குத் தானியங்கிச் சோதனை இலவசம், மெயின் பிராஞ்சைப் பூட்டும் வசதியும் இலவசம், மாணவர்களில் பலருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கும். இந்த மூன்றாவது காரணம்தான் எடையானது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. கடல் வரைபடத் துண்டுகளையும் பயிற்சிக் காணொளிகளையும் ரெப்போவில் வைக்க நினைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள், அவற்றுக்கு வேறு இடம் பாருங்கள்.

கிட்லேபின் இலவசத் திட்டத்தில் தானியங்கிச் சோதனைக்கு மாதம் 400 நிமிடம். ஆண்ட்ராய்டு பில்டு (நிரலைச் செயலியாக்குவது) ஒன்று எட்டு நிமிடம் எடுத்தால் ஐம்பது ஓட்டத்தில் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியம், 'இத்தனை பேர் ஒப்புதல் தந்தால்தான் மெர்ஜ்' என்று கட்டாயமாக்குவதும், எந்தப் பகுதியை யார் பார்க்க வேண்டும் என்று குறிக்கும் கோட்ஓனர்ஸ் கோப்பும் அங்கே கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு விண்ணப்பித்தால் உயர்திட்டம் இலவசமாகத் தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கோட்பெர்க் பெர்லினில் பதிவான இலாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, ரெப்போத் தளம் நடத்த உதவும் ஃபோர்ஜோ மென்பொருளில் ஓடுகிறது. கட்டற்ற உரிமம் உள்ள திட்டங்களுக்கு மட்டும். கொள்கையளவில் இப்படிப்பட்ட செயலிக்குப் பொருத்தமான வீடு இதுதான். நடைமுறையில் வுட்பெக்கர் சோதனைச் சேவைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், புதியவர்கள் இன்னொரு கணக்கு திறக்க வேண்டும். சொந்த சர்வரில் ஃபோர்ஜோ நிறுவுவது தொழில்நுட்பமாகக் கடினமில்லை. ஆனால் பேக்கப் எடுப்பதும் பாதுகாப்புத் திருத்தம் போடுவதும் யாராவது ஒருவர் தலையில் விழும். படித்துப் பார்க்கவே ஆள் இல்லாத குழு அந்த நேரத்தை சர்வரில் செலவிடக் கூடாது.

எங்கள் தேர்வு: கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கு, கோட்பெர்க்கில் தினசரி மிரர் (தானாகப் புதுப்பிக்கும் நகல்). உரிமையாளர்கள் குறைந்தது இருவர், ஒருவர் இந்தியாவில், ஒருவர் வெளியில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் சிம் மாறிவிடும். கிட்ஹப் நிரல் பங்களிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, பழைய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியை நம்பியிருந்தவர் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். குறுஞ்செய்தியை விட்டு, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி. மீட்புக் குறியீடுகள் அச்செடுத்து வீட்டில்.

பூட்டும் விதிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று, அலை, நேரம், அலகு மாற்றம் இருக்கும் ஃபோல்டருக்கு கோட்ஓனர்ஸ் கோப்பில் இரண்டு பேரைக் குறித்து, அவர்களில் ஒருவர் ஒப்பாமல் ஏறாதபடி செய்யுங்கள். திரை நிறம், எழுத்து அளவு போன்றவற்றுக்கு யாராவது ஒருவர் ஒப்புதல் போதும். 'பிராஞ்ச் எப்போதும் மெயினோடு சமமாக இருக்க வேண்டும்' என்ற விதியை மட்டும் போடாதீர்கள். ஒன்று மெர்ஜ் ஆனதும் மற்ற எல்லாமே பழசாகி, ஒவ்வொருவரும் மறுபடி ரீபேஸ் செய்து, சோதனை மறுபடி ஓடி, சின்னக் குழுவுக்கு வீண் வரிசை உண்டாகும்.

தமிழ் வரிகள்: ரெப்போவிலா, வெப்லேட்டிலா

செயலியின் மொழிபெயர்ப்பை நிரலோடு சேர்த்து புல் ரிக்வெஸ்ட்டிலேயே வாங்கலாம், அல்லது வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தனியே செய்யலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்களே மொழிபெயர்த்தால் முதலாவது போதும். ஆனால் இந்தச் செயலியில் எந்தச் சொல் வர வேண்டும் என்று தெரிந்தவர்கள் கடலுக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைச் சொல்வதா, வெறும் திசையைச் சொல்வதா. ஆழத்தை மீட்டரில் காட்டுவதா, பாகம் என்ற கடலோர அளவிலா என்பதில் அவர்கள் சொல்வதே முடிவாக இருக்க வேண்டும். அவர்களை கிட் கற்கச் சொல்ல முடியாது. வெப்லேட் உலாவியில் திறக்கும், ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் போதும், கமிட்டை அதுவே போட்டுக்கொள்ளும்.

வெப்லேட் கெடுவது ஒரே இடத்தில். அது தனக்கென்று ஒரு குளோன் வைத்திருக்கிறது. யாராவது ரெப்போவில் நேரடியாக மொழிக்கோப்பைத் திருத்தினால் இரண்டும் மோதி, வெப்லேட் நின்றுவிடும். நிரலர் மொழிக்கோப்பில் பெரிய மாற்றம் செய்ய வேண்டுமென்றால் முதலில் வெப்லேட்டில் அந்தப் பகுதியைப் பூட்டி, நிலுவையில் உள்ளதை கமிட் செய்து புஷ் கொடுக்கச் சொல்லி, மெர்ஜ் செய்து, தன் மாற்றத்தை ஏற்றி, பிறகு திறக்க வேண்டும். வரிசை மாறினால் யாரோ ஒருவருடைய திருத்தம் போய்விடும்.

தமிழுக்கே உரிய இரண்டு பிழைகளை எந்த வழியில் போனாலும் தானியங்கிச் சோதனையில் பிடிக்க வேண்டும்.

'தொண்டி' என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாகப் பதியலாம்: தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாக அடுத்தடுத்து வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8இல் முதல் 'தொண்டி' 18 பைட், இரண்டாவது 21 பைட். பழைய எழுத்துரு மாற்றிகள் சில இரண்டாவது வகையைத் தருகின்றன. ஊர்ப் பட்டியலில் ஒரு வகையும் தரவுக் கோப்பில் இன்னொரு வகையும் இருந்தால், பயன்படுத்துபவர் தொண்டியைத் தேர்ந்தெடுத்தும் 'தகவல் இல்லை' என்றே வரும். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் சரியாக வருவதால் நிரலர் நாள் முழுக்கத் தரவில்தான் குறை தேடுவார். ஒ, ஓ, ஔ குறிகள் வரும் பெயர்கள் மட்டுமே இப்படி அகப்படும். தீர்வு எளிது: உள்ளே வரும் எல்லாத் தமிழ் எழுத்துத் தொடரையும் என்எஃப்சி வடிவுக்கு (குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கும் முதல் வகைக்கு) மாற்றிய பிறகே ஒப்பிடுவது, என்எஃப்சி இல்லாத வரி மொழிக்கோப்பில் இருந்தால் சோதனையைத் தோற்கடிப்பது. பெயரைச் சாவியாக வைக்காமல் ஊருக்கு ஓர் எண் கொடுப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது பிழை இடக்குறி, அதாவது ஊர், வேகம் போன்றவை வந்து உட்கார வரியில் விடும் இடம். ஆங்கில மூல வரியில் வேகம் முதலில், ஊர் பிறகு. தமிழில் 'பாம்பனில் 28 கி.மீ.' என்று ஊர் முன்னால் வரும். இடக்குறிகளுக்கு வரிசை எண் இல்லாவிட்டால், எண் உட்கார வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் உட்காரப் பார்த்து, அந்தத் திரை திறந்ததும் செயலி மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. மூல வரியிலேயே எல்லா இடக்குறிக்கும் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும்போது \340\256 என்று எண் குவியலாகத் தெரிந்தால் பதற வேண்டாம், 'கோர்.கோட்பாத்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகத் தெரியும்.

பேச்சு எங்கே நடப்பது

வாட்ஸ்அப், டெலிகிராம், சூலிப் மூன்றையும் வைத்துப் பார்த்தால், நிரலர் பேச்சுக்கு சூலிப்தான் சரி. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு இருப்பதால், மூன்று நாள் கழித்து வருகிறவர் தனக்குத் தேவையானதை மட்டும் படித்துப் பதில் சொல்லலாம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், தம்மாம் இரண்டரை மணி; சவூதியில் விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் கூட்டத்தை நம்பித் திட்டத்தை நடத்த முடியாது, எழுத்தில் நடக்கும் பேச்சுதான் ஓடும். டெலிகிராமில் பழைய பேச்சைப் புதியவரும் படிக்கலாம் என்பது நல்லது, மற்றபடி ஒரே ஓட்டம்.

வாட்ஸ்அப்பை விடவும் முடியாது. சோதித்துச் சொல்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "தம்பி, காத்து கூடுதலா அடிக்குது, ஒங்க ஆப்புல கொறச்சலாக் காட்டுது" என்று ஒரு குரல்பதிவு வரும். நல்ல தகவல், ஆனால் பாதிதான். வடகடலா தென்கடலா? பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரே நாளில் வேறு வேறு கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கியிருக்கும், வாடைக் காலத்தில் தலைகீழ். ஆகவே குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்து, எந்தக் கடல், எத்தனை மணிக்கு, எந்தப் போன், ஸ்கிரீன்ஷாட் ஒன்று ஆகிய நான்கையும் கேட்டு வாங்கி, அன்றே ரெப்போவின் குறைப் பட்டியலில் இஷ்யூவாகப் பதிய வேண்டும். பதிந்த எண்ணைச் சொன்னவருக்கே திருப்பி அனுப்புங்கள். சரியான பிறகும் அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த குறையை அவர் உங்களிடம் சொல்வாரா என்பது அதில்தான் இருக்கிறது. முடிவு எதையும் வாட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் மேலே போய் மறைந்துவிடும்.

யார் முடிவு சொல்வது, எப்போது வெளியிடுவது

பைத்தான் நிரல்மொழி நெடுங்காலம் அதை உருவாக்கிய கீடோ வான் ராசம் ஒருவர் சொல்லில் நடந்தது. 2018 ஜூலையில் அவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு, 2019 முதல் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். அபாச்சே என்ற மென்பொருள் அமைப்பில் வேறொரு பழக்கம் உண்டு: செய்யப்போவதை எழுதி அறிவி, பொதுவாக 72 மணி நேரம் பொறு, காரணத்தோடு மறுப்பு வராவிட்டால் செய். பன்னிரண்டு பேர் குழுவுக்குத் தேர்தல் பாரம். ஒருவர் சொல்லே முடிவு என்றால் அவருக்கு வேலை மாறியதும் திட்டம் நின்றுவிடும். 72 மணி வழிதான் பொருந்தும். மூன்று நாள் என்பது இரு நாட்டு விடுமுறையையும் ஓரளவு தொட்டுவிடுகிறது. தவறான அலகு, தவறான எச்சரிக்கை போன்ற திருத்தத்துக்கு மட்டும் பொறுக்க வேண்டாம். குறித்த இருவரில் ஒருவர் பார்த்ததும் ஏற்றலாம். எழுதியவரே பார்த்தால் அது கணக்கில் சேராது.

உரிமம் பற்றி வாக்குவாதம் நீளும், நீள விடாதீர்கள். ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கமிட்டிலும் '-எஸ்' போட்டு, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற கையொப்ப வரி சேர்க்கச் சொன்னால் போதும். லினக்ஸ் கெர்னல் 2004இல் கொண்டுவந்த முறை அது. தனி ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் மாணவர்கள் தயங்கி நிற்பார்கள்.

வெளியீட்டில் இரண்டு வழக்கம் உண்டு. டெபியன் தயாரானதும் வெளியிடும். இன்னொரு லினக்ஸ் தொகுப்பான உபுண்டு ஏப்ரல், அக்டோபர் என்று மாதம் வைத்து வெளியிடும். இந்தக் கரையில் மாதம் வைப்பதே நல்லது, காரணம் கடலே நாள் குறித்துக் கொடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். செயலி அதிகம் தேவைப்படும் மாதங்களும் அவைதான், கல்லூரித் தேர்வும் அதன் கடைசியில்தான். அந்த மூன்று மாதம் பிழைத்திருத்தம் தவிர வேறு எதையும் வெளியிடாதீர்கள். புதிய வசதிகள் செப்டம்பர் முதல் வாரத்தோடு அடைபட வேண்டும், அந்த மாதம் முழுக்கக் கடலில் சோதனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலில் சோதிக்க அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் மட்டுமே உண்டு. ஆனால் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருப்பார்கள். எழுத்து வெயிலில் தெரிகிறதா, பொத்தான் ஈரக்கையில் அழுந்துகிறதா என்று உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல காலம் வராது.

பிளே ஸ்டோரில் முதன்முறை ஏற்றவும் இந்தத் தடைக்காலம் உதவும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 சோதனையாளர்கள் 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் பங்கேற்பது) இருந்தாக வேண்டும். கணக்குக் கட்டணம் 25 டாலர், ஒருமுறைதான். பாம்பனிலிருந்து நால்வர், தொண்டியிலிருந்து நால்வர் என்று ஊர் ஊராகப் பிரித்து இருபது பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஓரிருவர் செயலியை அழித்தாலும் எண்ணிக்கை 12க்குக் கீழே இறங்காது. செயலியைக் கையொப்பமிட்டு ஏற்றும் சாவியை ரெப்போவில் வைக்கக் கூடாது. பிளே ஆப் சைனிங் என்ற முறையில் மூலச் சாவி கூகுளிடம் இருப்பதால், ஏற்றும் சாவி தொலைந்தாலும் கணக்கின் உரிமையாளர் விண்ணப்பித்துப் புதிதாக வாங்கலாம். அதற்குக் கணக்கில் நுழைய முடிய வேண்டும் என்பதால், அந்தக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலும் மீட்புக் குறியீடுகளும் இரண்டு பேரிடம், இரண்டு ஊரில் இருக்கட்டும்.